சிவப்புக் கிளிப் யார் கையில்

அக்கா இறந்த பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். நான் லிப்ட் மெக்கானிக். "இன்னும் ரெண்டு நாள் லீவு போட்டுக்கோப்பா" என்றார் மேனேஜர். வீட்டில் உட்கார்ந்து சுவரையா பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பத்து மாடிக் கட்டிடம் ஒன்றின் முகவரியை எழுதிக் கொடுத்தார். லிப்ட் கதவு மூடவில்லை என்று புகார். போய் மூட வைத்துவிட்டு வந்தேன்.

அழுகை மட்டும் வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு சித்தி என் காதுபடவே, "இவனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல" என்றாள். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

ஒரே ஒரு விஷயம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒருவருக்குச் சேதி சொல்ல வேண்டியிருந்தது. கடல் தாண்டி இருப்பவர். அக்காவோ, அவள் கணவரான அத்தானோ, நானோ அவரை நேரில் பார்த்ததில்லை. ரேடியோவில் மட்டும் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு அக்காவோடு பேசுவார். அதனால் அக்கா அவருக்கு வைத்த பெயர் சனிக்கிழமைக்காரர். அக்கா இறந்தது அவருக்குத் தெரியாது. ஐந்து சனிக்கிழமைகளாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாடியில் நானும் கீழே அத்தானும் கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்குக் கிளிப் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் கீழ்த் தளம் அக்காவுக்கும் அத்தானுக்கும். மாடி எனக்கு, நான் தனிக்கட்டை. அத்தான் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பழகிய கால். வீட்டு சோபாவில் இருக்கும்போதுகூட டிவியில் கார் ஒன்று வேகமாக வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து லென்ஸ் பொருத்துபவள். மூன்று பேருக்கும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உண்டு. அதாவது, பரீட்சை எழுதி, சொந்தமாக ஒரு செட்டும் கூரைமேல் ஒரு ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு காற்று வழியாகப் பேசுவது. இதனால் என்ன லாபம் என்று கேட்டால் பதில் இல்லை. சிலர் மீன் வளர்க்கிறார்கள்.

பத்து வருஷத்துக்கு முன் நான் மாடிக்குக் குடிவந்து ஆன்டெனாவைக் கட்டி முதல் முறை பேசிய அன்றே, அத்தான் தடதடவென்று படியேறி வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"ஏம்பா, உனக்கு அறிவிருக்கா? என் காது கிழிஞ்சு போச்சு!"

"நான் என் ரூம்ல என் செட்டுல பேசறேன். உங்க காதுக்கு நான் பொறுப்பா?"

"ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவுல பத்தடிகூட இல்ல. நீ வாயைத் தொறந்தா என் செட்டு செவிடாயிடுது. எங்கேயோ கண்காணாத இடத்துல ஒருத்தன் முணுமுணுக்கறதை நான் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கறேன். நீ பக்கத்துல நின்னு ஸ்பீக்கர் வெச்சுக் கத்தற!"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் உடனே ஒப்புக்கொண்டால் நான் நானாக இருக்க முடியாது. வாக்குவாதம் ஒரு மணி நேரம் ஓடியது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்யாத வித்தை இல்லை. ஆன்டெனாக்களைக் கூரையின் இரண்டு மூலைகளுக்குத் தள்ளினோம். ஒன்றைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் கட்டினோம். அப்படிக் கட்டினால் ஒன்றின் சத்தம் மற்றதில் குறைவாக ஏறும். ஒயர்களில் இரைச்சலை அடக்கும் கறுப்பு வளையங்கள் மாட்டினோம். பில்டர் வைத்தோம். பவரைப் பாதியாகக் குறைத்தோம். ஆளுக்கொரு பேண்டில், அதாவது வேறு வேறு அலைவரிசையில், பேசினால் தொந்தரவே இல்லை. ஆனால் மாலை நேரத்தில் தூரத்துக் குரல்கள் நன்றாகக் கேட்பது ஒரே ஒரு பேண்டில்தான். அந்த நேரத்துக்காகவே இருவரும் வேலையிலிருந்து ஓடி வருவோம். அங்கே வளையமும் உதவவில்லை, பில்டரும் உதவவில்லை. ஒருவர் பேசினால் மற்றவர் சும்மா இருக்க வேண்டியதுதான். யார் சும்மா இருப்பது என்பதில் மறுபடி சண்டை.

அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. அவள் கொடியிலிருந்து ஒரு சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஒரு காது உடைந்த பிளாஸ்டிக் கிளிப்.

"ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்கோங்க. இது யார் செட்டு மேல மாட்டியிருக்கோ அவங்க பேசலாம். மத்தவங்க எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க, மைக்கைத் தொடக்கூடாது. கிளிப்பை எடுக்கறதும் நான்தான், மாட்டறதும் நான்தான். நடுவுல யாராவது கை வெச்சீங்க, ரெண்டு ஆன்டெனாவையும் அவுத்துட்டு அதுல துணி காயப்போட்டுடுவேன்."

"சரிம்மா" என்றார் அத்தான். சாலையில் எத்தனை பேரை அதட்டுகிற மனிதர்! நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

எங்கள் சண்டை என்னவென்று புரிந்துகொள்வதற்காகவே அவளும் பரீட்சை எழுதினாள். எங்கள் இருவரையும்விட அதிக மார்க். அதைப் பத்து வருஷம் சொல்லிக்காட்டினாள். கிளிப்பும் பத்து வருஷம் படி ஏறி இறங்கியது. சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மட்டும் அதை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொள்வாள். "இப்ப என் முறை. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்பாள். அந்த வாரம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரோ அவருடைய செட்டில் உட்கார்ந்து பேசுவாள்.

சனிக்கிழமைக்காரர் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. இரண்டு கண்களிலும் புரை. அக்காவுக்கு இது போதாதா? மூன்று வருஷமாக அவரை நச்சரித்தாள்.

"ஆபரேஷன் எப்ப?"

"பார்ப்போம்மா."

"எதை வெச்சுப் பார்ப்பீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு இரைச்சலோடு வரும். அவருக்கு எங்கள் கிளிப் விவகாரமும் அத்துப்படி. பேச்சைத் தொடங்கும்போதே, "கிளிப் காலையில யார்கிட்ட இருந்தது? மேலயா, கீழயா?" என்று கேட்பார்.

எனக்கும் அத்தானுக்கும் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் எங்களுக்குள் பேச்சு நேராகப் போய்ப் பழக்கமில்லை. மோட்டார் போடவில்லை என்றால் அவர் அக்காவிடம் சொல்வார், அக்கா என்னிடம் சொல்வாள். என் பதிலும் அவள் வழியாகத்தான் இறங்கும். போகும்போது காரமாகப் போகிற வார்த்தை அவள் வாயில் நுழைந்து பக்குவமாக வெளியே வரும். அவள் போன பிறகு ஐந்து வாரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது, "தண்ணி வருதா?" "வருது" என்பதுதான்.

அவள் இறந்தது ஒரு வியாழக்கிழமை. காலையில் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். என் செட்டின் கைப்பிடியில் மாட்டியிருந்த கிளிப்பை எடுத்தாள். "நேத்து ராத்திரி முழுக்க உங்க அத்தான் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தார். இன்னைக்கு அவருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவ்வளவுதான் நான் கடைசியாகப் பார்த்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கையில் சால்டரிங் வேலை. பதினொரு மணிக்குக் கடையில் ஒருவரை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, "கடைசி வரியைப் படிங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாளாம். அவர் கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

ஆக, கிளிப் கீழே போயிருந்தது. என் கண்ணெதிரே எடுத்துக்கொண்டு போனாள். பேச வேண்டிய முறை அத்தானுடையது.

முதல் சனிக்கிழமை பழக்கத்தில் கை தானாகச் செட்டைப் போட்டது. சரியாக நான்கு மணிக்கு அவருடைய குரல் வந்தது. லைசென்ஸோடு அக்காவுக்குக் கொடுத்த அழைப்பு எழுத்துகளைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். கொஞ்சம் காத்திருந்தார். "இன்னைக்கு வானம் சரியில்ல போல. அடுத்த வாரம் பார்ப்போம்மா" என்று போய்விட்டார். அத்தான் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் பேசவில்லை. சரி, இரண்டு நாள்தானே ஆகிறது, மனிதர் உடைந்து போயிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை, "என் பக்கம் ஏதோ கோளாறு. செட்டைப் பிரிச்சுப் பார்க்கறேன்" என்றார். மூன்றாம் வாரம், "மேல் வீட்டுத் தம்பி, கீழ் வீட்டு அத்தான், யாராவது இருந்தா ஒரு குரல் குடுங்கப்பா" என்றார். நான்காம் வாரம், "அம்மா, ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன். உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு வேற யார்கிட்டயும் மூச்சு விடல" என்றார். ஒவ்வொரு முறையும் நான் மைக்குக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு அத்தானைத் திட்டிக்கொண்டிருந்தேன். கிளிப் இருக்கிறது, செட் இருக்கிறது, வாயும் இருக்கிறது. அப்படி என்ன கல்நெஞ்சு?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிளிப் என்னிடம் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. அவர் அக்காவுக்கு அனுப்பிய முகவரி அட்டை ஒன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "வணக்கம்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. மூன்று தாள்களில் மூன்று வணக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஐந்தாம் சனிக்கிழமை அவர் குரல் இறங்கியிருந்தது.

"அம்மா, அடுத்த வாரம்தான் கடைசி. பையன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போறான். பதினாலாவது மாடியாம், அங்க ஆன்டெனா கட்ட விடமாட்டாங்களாம். செட்டை ஒருத்தருக்குக் குடுத்துட்டேன், அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவார். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரே ஒரு தடவை வாங்க. நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா அதையாவது சொல்லிடுங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டும் நான் மைக்கைத் தொடவில்லை. கீழேயும் சத்தமில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

புதன்கிழமை வேலை நேரத்தில் ஒரு கட்டிடத்தில் லிப்ட் நின்றுவிட்டது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் டியூஷன் டீச்சர் ஒருவர் மாட்டிக்கொண்டார். போய் இறக்கிவிட்டேன். வேர்த்து வழிய வெளியே வந்தவர் என்னைத் திட்டவில்லை, காவலாளியைப் பிடித்துக்கொண்டார். "லிப்ட் நின்னது தப்பில்ல. மெஷின்னா நிக்கும். இருபது நிமிஷமா மணி அடிக்கறேன். 'கேக்குது, இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட இந்தக் கட்டிடத்துல ஆள் கிடையாதா?" காவலாளி, அது தன் வேலை இல்லை, சூப்பர்வைசர் வேலை என்றான். நான் அவன்மேல் பாய்ந்தேன். "மணி காதுல விழுந்துச்சில்ல? விழுந்தா பதில் சொல்ல வேண்டியதுதானே? யார் வேலைன்னு அப்புறம் பார்த்துக்க மாட்டியா?" என்று கத்தினேன். டீச்சரே, "விடுங்க சார், பாவம்" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அவன் முகம் சுண்டிப்போனது. வண்டியில் திரும்பும்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு நான் கீழே இறங்கினேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவது அதுதான் முதல் தடவை. சமையலறை மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அக்காவின் செருப்பு அலமாரிக்குக் கீழே, ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தது. உள்ளறையில் அத்தான் செட்டைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எப்படித் தொடங்குவது என்று படியில் யோசித்து வைத்ததெல்லாம் அவர் முதுகைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

"கிளிப்பை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றேன்.

அவர் திரும்பினார். "என்னது?"

"அந்த மனுஷன் தொண்டைத் தண்ணி வத்தக் கூப்பிடறார். நீங்க அசையாம உக்காந்திருக்கீங்க. இன்னைக்குத்தான் அவருக்குக் கடைசி. இன்னைக்கும் பேச மாட்டீங்களா?"

அத்தான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நான் பேசலையா? என்னப்பா பேசற நீ? கிளிப் உன்கிட்டல்ல இருக்கு! புதன்கிழமை சாயங்காலம் என் கண்ணு முன்னாலதான் எடுத்துக்கிட்டு மேல போனா. 'தம்பிக்கு இன்னைக்கு'ன்னு சொல்லிட்டுத்தான் போனா. அஞ்சு வாரமா மேல உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கானே, இவனெல்லாம் மனுஷனான்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

"புதன்கிழமை மேல வந்தது. வியாழக்கிழமை காலையில திருப்பி எடுத்துட்டு வந்துட்டா. உங்களுக்குன்னு சொல்லித்தான் எடுத்தா."

"எனக்கு எங்க வந்துச்சு? இந்தா பாரு."

பார்த்தேன். அவர் செட்டின் கைப்பிடியில் கிளிப் மாட்டி மாட்டிப் பெயிண்ட் தேய்ந்த இடம் மட்டும் இருந்தது. கிளிப் இல்லை.

"அன்னைக்குக் காலையில நான் ஆறு மணிக்கே கிளாஸுக்குக் கிளம்பிட்டேன்" என்றார் அத்தான். இப்போது குரலில் கோபம் இல்லை. "நான் போறப்ப அவ உனக்கு டீ போட்டுக்கிட்டு இருந்தா."

எனக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை. பிறகு அத்தான் மெதுவாகப் போய் அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில் துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பை. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

"நான் இதைத் தொறக்கல" என்றார். "தொறக்கணும்னு தோணல."

அவர் விரலுக்கு முடிச்சு அவிழவில்லை. நான் வாங்கி அவிழ்த்தேன். அவளுடைய கைக்கடிகாரம், கண்ணாடி, கண்ணாடிக் கால்களை முறுக்குகிற சின்ன ஸ்க்ரூடிரைவர், கடைச் சாவி. அடியில் மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு. கோட்டின் மேல் பாக்கெட்டில் பேனாவுக்குப் பக்கத்தில் சிவப்புக் கிளிப் மாட்டியிருந்தது.

கடைக்கு நேரமாகியிருக்கும். சாயங்காலம் வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே கிளம்பியிருப்பாள். வேறு ஒன்றும் இல்லை. கொண்டுவந்து மாட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

அத்தான் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிளிப்பை நான் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அப்போது நான்கு மணி ஆனது. செட்டிலிருந்து அக்காவின் அழைப்பு எழுத்துகள் வந்தன. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை.

"பேசுங்க" என்றேன்.

"நீ பேசு."

"உங்க செட்டு. உங்களுக்குன்னுதான் எடுத்தா. உங்க முறை."

"கிளிப் உன் கையில இருக்கு. உன் முறை."

"உங்க பொண்டாட்டி."

"உன் அக்கா."

பத்து வருஷம் என் முறை, என் முறை என்று அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். அத்தான் மைக்கை எடுத்து என் பக்கம் நீட்டினார். செட்டில் சனிக்கிழமைக்காரர் மறுபடி கூப்பிட்டார். "அம்மா, கேக்குதா?"

மைக்கை வாங்கி என் அழைப்பு எழுத்துகளைச் சொன்னேன்.

"தம்பி!" என்றார் சனிக்கிழமைக்காரர். சந்தோஷம் இரைச்சலைத் தாண்டி வந்தது. "கேக்குதுப்பா, நல்லா கேக்குது! எங்கப்பா போனீங்க எல்லாரும்? அக்கா எங்க?"

"அக்கா இறந்துட்டாங்க" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மற்ற எல்லோருக்கும் வேறு யாராவது சொல்லிவிட்டிருந்தார்கள். என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு மைக் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால்தான் அந்தப் பக்கம் பேசுவது கேட்கும் என்பதே மறந்துவிட்டது. அத்தான்தான் என் விரலைத் தூக்கிவிட்டார்.

வெகு நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "எப்ப?" என்றார்.

"அஞ்சு வாரமாச்சு. நீங்க கூப்பிட்டதெல்லாம் கேட்டோம். நானும் கேட்டேன், அத்தானும் கேட்டார். கிளிப் அவர்கிட்ட இருக்குன்னு நான் நினைச்சேன். என்கிட்ட இருக்குன்னு அவர் நினைச்சார். மன்னிச்சுடுங்க."

"யார்கிட்ட இருந்தது?"

"அவங்க கோட்டுப் பாக்கெட்டுல."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என் செட்டுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்" என்றார். "ரெண்டு தடவை பிரிச்சு மாட்டினேன். இந்த வயசுல கூரை மேல ஏறி ஒயரெல்லாம் மாத்தினேன். உங்க பக்கம் இப்படி ஆகியிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லப்பா." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. கிளிப் அவங்ககிட்டதான் இருந்ததுன்னா, முறை இன்னும் அவங்களோடதுதான். நான் இப்ப அவங்களைக் கூப்பிடப்போறேன். நீங்க ரெண்டு பேரும் மைக்கைத் தொடாம இருக்கணும். செய்வீங்களா?"

"செய்யறோம்" என்றேன். மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அத்தான் கோட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

அவர் அக்காவின் அழைப்பு எழுத்துகளைச் சொன்னார். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, கப்பலில் பழகிய குரலில் சொன்னார். காத்திருந்தார். மறுபடி சொன்னார். காத்திருந்தார். மூன்றாவது முறை சொல்லிவிட்டு, வழக்கமாக அக்கா பதில் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். நான் செட்டின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா" என்றார். "ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். போன மாசம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நல்லாத் தெரியுதும்மா. பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

தன் அழைப்பு எழுத்துகளைச் சொல்லி முடித்துக்கொண்டார். குரல் இருந்த இடத்தில் மறுபடி இரைச்சல் வந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அத்தானின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நான் நினைத்த மாதிரி கண்ணீரோடு நிற்கவில்லை. சத்தம் போட்டு வந்தது, மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அத்தான் செட்டை அணைக்கவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தார்.

முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த கிளிப்பை எடுத்து அவர் செட்டின் கைப்பிடியில் மாட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோட்டை முகத்தோடு சேர்த்துக்கொண்டு அவர் அழத் தொடங்கினார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.